இருபது கட்டங்கள், இருபத்தேழு நாட்கள்

"இருபது கட்டம். மேல் வரிசையில் இடது மூலையிலிருந்து எண்ணவும். 1. அம்மாவின் சுங்குடி. 2. என் ஞானஸ்நான உடுப்பு. 3. என் புதுநன்மை கவுன். 4. அப்பாவின் வேட்டி." இப்படிப் போகும் சீட்டு, "20. இந்த வருடம் எடுத்த மஞ்சள் காட்டன்" என்பதோடு முடிகிறது. அதற்குக் கீழே, கோடு போட்டு, "வரிசை மாறக் கூடாது" என்று எழுதியிருக்கிறது. ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் என் கையில் கொடுக்கப்பட்ட சீட்டு. என் நாட்குறிப்பில் முழுத் தேதியும் உண்டு. பெயர்களை மாற்றியிருந்தாலும், வருடத்தைச் சொன்னால் குடும்பத்தை அடையாளம் கண்டுவிடுவீர்கள் என்பதால் இங்கே கிழமைகளோடும் இடைவெளிகளோடும் நிறுத்திக்கொள்கிறேன். இந்த விஷயத்தில் இடைவெளிதான் முக்கியம்.

மந்தைவெளிப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவங்களை எழுதித் தரும்படி பட்டறையை நடத்தும் மேடம் கேட்டார். குயில்ட்டுக்குக் கட்டம் தைப்பதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் சேர்த்து ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே தைத்து முடிப்பது, பிறகு மேலே ஒரு பட்டி, கீழே ஒரு பட்டி வைத்துக் கட்டங்களை இணைப்பது. இரண்டு வாரத்தில் உங்கள் கை பழகிவிடும். இந்த முறையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பட்டியை மட்டும் பிரித்தால் கட்டங்கள் எந்தச் சேதமும் இல்லாமல் கழன்று வரும். தப்பு செய்தால் திருத்தலாம். திருத்த முடிந்த ஒரு தப்பைத் திருத்தாமல் வைத்திருந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சீட்டைக் கொடுத்தவர் பிலோமினா டீச்சர். சாந்தோமில் நான்கைந்து தலைமுறையாக இருக்கும் குடும்பம். அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டதாகச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. சீட்டு நான்கு தாள் நீளம். மார்க்கர் பேனாவால், ஒவ்வொரு எழுத்தும் ஒரு அங்குல உயரம். கரும்பலகையில் எழுதிப் பழகியவர், காகிதத்திலும் அப்படியே எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். துணிகளின் பின்பக்கத்திலும் சாக்பீஸால் எண் போட்டிருந்தார். வாடிக்கையாளரின் உடம்பை அளந்து அளந்து, அவர் கையையும் நடையையும் பார்ப்பதை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. அங்குல உயரத்தில் யார் எழுதுவார்கள், எதற்காக எழுதுவார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும்.

ஜூலை மூன்றாம் வாரத்தில் இருபது கட்டமும் தயார். ஒரு வரிசைக்கு நான்காக ஐந்து வரிசைகள். வெட்டும் மேஜையில் பரப்பிவிட்டு, ஸ்டூல் மேல் ஏறி நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். தி. நகர் ஜவுளிக் கடையில் எனக்கு வேலை பழக்கிய கட்டிங் மாஸ்டர் காட்டிய வழி அது. கண்ணைச் சுருக்கினால் பூவும் கோடும் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். எது கனக்கிறது, எது ஓட்டையாகத் தெரிகிறது என்று புரிந்துவிடும். கடைக் கண்ணாடிக்குள் பொம்மைக்கு உடுத்தும்போது அதைவிட நல்ல வழி கிடையாது.

மேல் வரிசை ஓட்டையாகத் தெரிந்தது. ஞானஸ்நான உடுப்பு, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாளின் புதுநன்மை கவுன், வேட்டி, மூன்றும் வெள்ளை, மூன்றும் பக்கத்தில் பக்கத்தில். மூன்றாம் வரிசையில் டீச்சர் கணவரின் காக்கி ஒரு மூட்டை போலக் கனத்தது. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வெள்ளைகளை மூலைகளுக்குத் தள்ளினேன். சுங்குடியின் சிவப்பை நடுவுக்குக் கொண்டுவந்தேன். மஞ்சளைக் காக்கிக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுபடி ஸ்டூல் மேல் ஏறினேன். குயில்ட் நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

துணி வெட்டும் செல்வி பட்டினப்பாக்கத்துக்காரி. என்னைவிடப் பத்து வயது சிறியவள். கத்திரியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"இன்னா நைனா, டீச்சர் நம்பர் போட்டுக் குட்துகீறாங்க. நீ சீட்டு கலைக்கிற மாதிரி கலைச்சிக்கினு கீறே?"

"மேல பாரு செல்வி. மூணு வெள்ளையும் சேர்ந்து சுவத்துல ஜன்னல் தொறந்து வெச்ச மாதிரி இருந்துது."

"ஜன்னல் கேட்டது அவங்கதானே. உனுக்கு இன்னா, காத்து அடிக்குதா?"

"பாத்தா சந்தோஷப்படுவாங்க. நீ வேலையப் பாரு."

"நான் இன்னாத்தக் கண்டேன், பீஸ் வெட்றவ" என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் பட்டிகளை இணைத்து, ஓரமும் கட்டி முடித்தேன்.

மேடம் அதைப் பார்த்ததும் போட்டோ எடுக்கச் சொன்னார். ஆகஸ்டில் ஆழ்வார்பேட்டையில் ஒரு ஹாலில் மூன்று நாள் கண்காட்சி வைப்பது பட்டறையின் வழக்கம். "மாஸ்டர், நுழைஞ்சதும் கண்ணுல படற மாதிரி இதத்தான் மாட்டணும். டீச்சர்கிட்ட கேட்டுக்கலாம்" என்றார். டீச்சரைக் கேட்பதற்கு முன்பே அழைப்பிதழில் அந்தப் போட்டோ அச்சாகி வந்துவிட்டது. ஒரு கட்டு என் மேஜையிலேயே இருந்தது. என் வேலை அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. இதை நான் மறைத்து எழுதினால் மற்றது எதுவும் உங்களுக்குப் புரியாது.

டீச்சர் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு வந்தார். மாடிப்படியில் கைப்பிடியை விடாமல், ஒவ்வொரு படியையும் செருப்பு நுனியால் தொட்டுப் பார்த்து ஏறிவந்தார். அப்போதுதான் எனக்கு ஏதோ தட்டியது. குயில்ட்டை மேஜையில் விரித்தேன். அவர் குனிந்து, வலது கையை இடது மேல் மூலையில் வைத்தார். லேஸ் தட்டுப்பட்டது. கை அங்கேயே நின்றது.

"இது என் புதுநன்மை கவுன் ஆச்சே மாஸ்டர். அம்மா எங்க?"

"அம்மா நடுவுல இருக்காங்க டீச்சர். சிவப்பு நடுவுல வந்தாத்தான் மொத்தத்துக்கும் ஒரு பிடிமானம். நாலடி பின்னால போய்ப் பாருங்களேன்."

"பின்னால போனா எனக்கு ஒண்ணும் சேராது மாஸ்டர். கண்ணு சுருங்கிக்கிட்டே வருது. குழாய் வழியாப் பாக்கற மாதிரிதான் தெரியும். முழுசாப் பாக்கறதெல்லாம் உங்களுக்கு. எனக்கு ஒரு நேரத்துல ஒரு கட்டம்."

அவர் குரலில் புகார் இல்லை. பாடத்தை மறுபடி விளக்கும் குரல். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து சொன்னார்.

"ஜெபமாலை உருட்டறவங்களப் பாத்திருப்பீங்க. எண்ண வேண்டாம், பாக்க வேண்டாம். அடுத்த மணி எதுன்னு விரலுக்குத் தெரியும். அந்த மாதிரி இத ஓட்டிப் பழகணும்னு நெனச்சேன். இப்ப கொஞ்சம் தெரியுது இல்ல, தொடும்போதே பாத்துக்கணும். இது சிவப்பு, இது நீலம், இது என்ன பச்சைன்னு. அப்புறம் கண்ணு போனாலும் கை தொட்ட இடத்துல கலர் வரும். டாக்டர் நாள் சொல்லல. இந்த வருஷத்துக்குள்ளன்னு சொன்னாரு."

செல்வியின் கத்திரிச் சத்தம் நின்றிருந்தது. மேடம் உள் அறையிலிருந்து வந்து கதவருகே நின்றார்.

"மாத்திடலாம் இல்ல மாஸ்டர்?" என்று டீச்சர் கேட்டார்.

"தாராளமா மாத்தலாம் டீச்சர்."

"எவ்வளவு நாளாகும்?"

இங்கேதான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். அந்தக் கேள்விக்கான பதில் எனக்குத் தெரியும். ஓரத்தைப் பிரிக்க அரை நாள். பட்டிகளைக் கழற்ற ஒரு நாள். மறுபடி இணைத்து ஓரம் கட்ட ஒன்றரை நாள். ஆக மூன்று நாள். அடுத்த புதன்கிழமை டீச்சர் கையில் இருந்திருக்கும். வேறு அவசர வேலையும் இல்லை. ஆனால் புதன்கிழமை கொடுத்தால் அவர் வீட்டுக்கு எடுத்துப்போவார், தடவிப் பழகுவார், காட்சிக்குத் தர மாட்டார். தந்தாலும் அது என் வரிசையாக இருக்காது. மூன்று வெள்ளை பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஒரு குயில்ட்டை, அழைப்பிதழில் இருக்கும் படத்துக்கு மாறாக, வாசலில் மாட்டி அதன் பக்கத்தில் நிற்க எனக்கு மனமில்லை. இவ்வளவும் ஒரு மூச்சு இழுக்கும் நேரத்துக்குள் மனதில் ஓடியது. மேடம் எனக்கு ஜாடை காட்டவில்லை. யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

"மூணு வாரமாவது ஆகும் டீச்சர்" என்றேன்.

அவர் விரல் விட்டு எண்ணினார். "அதுவரைக்கும் இப்படியே எடுத்துட்டுப் போய் வெச்சுக்கலாமான்னு பாத்தேன். வேண்டாம் மாஸ்டர். தப்பாப் படிச்சுட்டு வந்த பிள்ளைக்கு அத மறக்க வைக்கவே கிளாஸ்ல எனக்குப் பாதி வருஷம் போயிடும். நேராவே படிச்சுக்கறேன்."

மேடம் காட்சியைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மாட்டிக்கோங்க. யாராவது முழுசாப் பாக்கட்டும்" என்று சிரித்தார் டீச்சர். குத்திக் காட்டிய சிரிப்பாக இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். அப்படி இல்லை.

அவர் இறங்கிப் போனதும் செல்வி என் பக்கம் திரும்பவே இல்லை. துணியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மூணு நாள் வேலைய மூணு வாரம்னு சொல்றே. கையி நோவுதா?"

"டிஸ்ப்ளே முடியட்டும் செல்வி. வருஷக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு."

"டாக்டர் சொன்னது உனுக்கு நல்லாக் காதுல வுயுந்திருக்கு."

அதற்குப் பிறகான மூன்று வாரத்துக்கு என் நாட்குறிப்பைப் புரட்டினேன். மழை பெய்த நாட்கள் இருக்கின்றன. நூலகத்தில் எடுத்த இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து நெசவாளர்களைப் பற்றியது. பதினெட்டுப் பக்கம் குறிப்பெடுத்திருக்கிறேன். மைலாப்பூர் குளத்தில் தண்ணீர் எத்தனை படி ஏறியது என்றுகூட எழுதியிருக்கிறேன். டீச்சரைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதினால் தேதியோடு எழுதவேண்டியிருக்கும். அதனால்தான் எழுதவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு திங்கட்கிழமை போனை எடுத்தேன் என்பது நினைவிருக்கிறது. வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று யோசித்தேன். போனை வைத்துவிட்டேன். குயில்ட் அலமாரியில், மல் துணிக்குள் சுற்றி, மடிப்பு விழாமல் படுத்திருந்தது.

காட்சி நன்றாக நடந்தது. வெள்ளியும் ஞாயிறும் நான் போனேன். சனிக்கிழமை வீட்டில் விசேஷம், போகவில்லை. உள்ளே நுழைந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்றார்கள். அடையாறிலிருந்து வந்த ஒரு அம்மா, "யாருங்க கலர் வெச்சது? சிவப்பு எவ்வளவு கரெக்டா உக்காந்திருக்கு" என்றார். "நான்தாம்மா" என்றேன். அந்த இரண்டு நாளில் இதை எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணவில்லை. இத்தனைக்கும் எதையும் எண்ணும் பழக்கம் உள்ளவன் நான்.

திங்கட்கிழமை காலை ஓரத்தைப் பிரித்தேன். கேட்காமலே செல்வி வந்து எதிரே உட்கார்ந்து நூல் இழுத்தாள். புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு வேலை முடிந்தது. மூன்று நாள். சீட்டை மேஜையில் ஒட்டிவைத்து ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தேன். முதல் முறையாக அந்த வரிசையை ஒரு வரிசையாக வாசித்தேன். அம்மாவில் தொடங்கி, தான் பிறந்து, படித்து, பள்ளிக்கூட வேலைக்குப் போய், மணமுடித்து, பிள்ளை பெற்று, கணவரை அடக்கம் செய்த அன்று உடுத்திய சேலையைக் கடந்து, இந்த வருடத்து மஞ்சளில் வந்து நிற்கிறது. மூன்று வெள்ளையும் ஏன் சேர்ந்திருந்தன என்று அப்போது விளங்கியது. குழந்தைப் பருவம் முழுக்க அவர்கள் வீட்டில் வெள்ளைதான்.

வியாழக்கிழமை காலை நானே கொண்டுபோனேன். அவர் என் பட்டறையில் நின்ற வெள்ளிக்கிழமையிலிருந்து இருபத்தேழாவது நாள்.

கதவைத் திறந்தது டீச்சரின் மகள் ஜெனி. டீச்சர் ஹாலில் திவான் மேல் உட்கார்ந்திருந்தார். முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினார், ஆனால் சற்றுத் தள்ளி.

"வாங்க மாஸ்டர். சொன்ன நாளுக்குக் கொண்டுவந்துட்டீங்க. கண்ணுதான் அவசரப்பட்டுடுச்சு."

குயில்ட்டை ஜெனியிடம் கொடுத்தேன். அவர் அதை டீச்சர் மடியில் விரித்து, கையை எடுத்து மூலையில் வைத்தார். சுங்குடியின் முடிச்சுப் புள்ளிகள் விரலில் பட்டதும் டீச்சரின் தோள் இறங்கியது.

"அம்மா" என்றார். பிறகு, "இது என் ஞானஸ்நானம். இது கவுன், லேஸ் இருக்கு. இது அப்பா." கை போய்க்கொண்டே இருந்தது. எங்குமே தடுக்கவில்லை. மூன்றாம் வரிசைக்கு வந்தபோது சிரித்தார். "இது அவரு. எத்தன தோச்சாலும் இளகாது, ஆளும் அப்படித்தான்."

"அம்மா, மாஸ்டர் முன்னாடி அப்பா மானத்த வாங்காதம்மா."

"மாஸ்டர் அவரோட காக்கியவே வெட்டியாச்சு, இனிமே என்ன மானம்."

அடுத்த கட்டம் ஜெனியைத் தூளி கட்டிய பழைய புடவை. தேய்ந்து மெலிந்த பருத்தி. டீச்சரின் விரல் அதன் மேல் முன்னும் பின்னும் போனது.

"இது உன் தூளி. நீலம்தானே?"

அது கிளிப்பச்சை. அந்தக் கட்டத்தை வைத்துத் தைத்தவன் நான். சீட்டில் பதினொன்றாவது வரி. ஜெனி என்னை ஒரு தடவை பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "ஆமாம்மா, நீலம்" என்றார்.

"நல்ல நீலம்" என்று சொல்லிக்கொண்டு டீச்சர் அடுத்த கட்டத்துக்குப் போனார்.

வாசல் வரை ஜெனி வந்தார். கேட் அருகே நின்று அவரிடம் சொல்லிவிட்டேன். மூன்று நாள் வேலை, மூன்று வாரம் என்று பொய் சொன்னேன், காட்சிக்காகச் சொன்னேன் என்று. ஜெனி கேட்டின் கொக்கியைப் போட்டு எடுத்துக்கொண்டு இருந்தார்.

"அதெல்லாம் நெனச்சுக்காதீங்க மாஸ்டர். உங்ககிட்ட வந்துட்டுப் போன மறுநாளே அம்மாவுக்குப் போயிடுச்சு. சனிக்கிழமை காலையில எழுந்தா ஒண்ணும் தெரியல. நீங்க மூணு நாள்ல குடுத்திருந்தாலும் இதேதான்."

மந்தைவெளி வரை நடந்தே வந்தேன். மேடத்திடமும் சொன்னேன். அவர், இனி யாரிடமும் நாள் சொல்வது செல்விதான் என்றார். நான் ஓய்வு பெறும்வரை அப்படியே இருந்தது. நீங்கள் வேலை ஏற்கும்போது கேட்கவேண்டியது ஒன்று உண்டு: இதை யார், எங்கிருந்து, எதைக் கொண்டு பார்க்கப்போகிறார்கள்? நாள் கேட்டால் கை அறிந்த நாளைச் சொல்லுங்கள். இவ்வளவுதான் என்னிடம் இருக்கும் பாடம். இதைத் தெரிந்துகொள்ள நான் வேறொருவருடைய இருபத்தேழு நாளை எடுத்துக்கொண்டேன்.

இதை எழுதுவதற்காகச் சென்ற மாதம் பட்டறையின் பழைய காகிதங்களைப் பார்த்தேன். அந்தக் காட்சியின் வருகைப் பதிவேடு கிடைத்தது. சனிக்கிழமைப் பக்கத்தில், நான் போகாத அந்த நாளில், மார்க்கர் பேனாவால் அங்குல உயரத்தில் ஒரு வரி: "பார்த்தேன். எல்லாரும் சொல்வது சரி, அழகாக இருக்கிறது. பிலோமினா." எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கவில்லை. ஜெனி சொன்ன சனிக்கிழமைக்கு மூன்று வாரம் கழித்து எழுதியது.

முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய கை, பார்வை இல்லாமலும் நேராக எழுதக்கூடும். ஜெனி விரலைப் பிடித்துக் கோட்டில் வைத்திருக்கக்கூடும். அல்லது, தூளியின் நிறத்தை அம்மாவுக்குச் சொன்ன அதே முகத்தோடு ஜெனி கேட் அருகே எனக்கும் ஆறுதலுக்கு ஒரு தேதியைச் சொல்லியிருக்கக்கூடும். டீச்சர் இன்னும் சாந்தோமில் அதே வீட்டில்தான் இருக்கிறார். நான் போய்க் கேட்கவில்லை. அவருக்குப் பார்வை போனது எந்த நாளில் என்பதை, இந்தக் குறிப்பை முடிக்கும் இன்றுவரை, நான் உறுதி செய்யவில்லை.